பொருளைப் பேச வைக்கும் தொழில்

"உயர்தரம் முடிச்சிப்போட்டு என்ன மகள் செய்யப் போறீங்க?"

கடந்த நோன்புப் பெருநாளன்று மாமி கேட்ட கேள்வி இது. கலைப்பிரிவில் படிக்கும் எங்களிடம் இக்கேள்வியைக் கேட்பவர்கள் பதிலையும் தாங்களே வைத்திருப்பார்கள். "டீச்சரா?" என்பதுதான் அந்தப் பதில். நான், "நூதனசாலையில கல்விப் பகுதியையும் நூலகத்தையும் பார்க்கிற வேலைக்குப் போக விருப்பம் மாமி" என்றேன். வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது.

"நூதனசாலையில என்ன வேலை? தூசி தட்டுறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரியான பதில் அன்று எனக்கு வரவில்லை. சகோதரிகளே, இக்கட்டுரை நான் மாமிக்குச் சொல்லாமல் விட்ட பதிலாகும்.

இரண்டு நிமிடம் பார்த்த கல்

பன்னிரண்டாம் தரத்தில் இருந்தபோது கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். இரவெல்லாம் பஸ்ஸில் பயணித்து, தூக்கக் கலக்கத்தோடு கொழும்புத் தேசிய நூதனசாலைக்குள் நுழைந்தோம். அந்த வெண்ணிறக் கட்டடம் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதனை அமைக்கச் செய்தவர் ஆளுநர் சேர் வில்லியம் கிரெகரி. கட்டி முடித்தவரோ எம்மவரான வாப்பிச்சி மரிக்கார். அவர் பரிசாக எதனையும் கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டதாக ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. படிக்கட்டில் நின்று படம் எடுப்பதிலேயே எங்கள் கவனம் இருந்தது.

உள்ளே ஒரு கல் இருந்தது. அதன் முன் இரண்டு நிமிடம் நின்றிருப்போம். யாரோ "அடுத்த அறைக்குப் போவோம்" என்றார்கள், போய்விட்டோம்.

பாடசாலைக்குத் திரும்பிய பின் எமது வரலாற்று ஆசிரியை அந்தக் கல்லின் படத்தைக் காட்டி ஒரேயொரு கேள்வி கேட்டார். "ஒரே கல்லில் ஏன் மூன்று மொழி?" அந்தக் கேள்வியிலேயே ஒரு பாடவேளை முழுவதும் போய்விட்டது.

அது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹீ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகள் சீனாவிலேயே வெட்டப்பட்டு, கல் கப்பலில் இங்கு வந்தது. சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் வணங்கப்பட்ட தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைகளின் பட்டியலும் அதில் உண்டு. அதனைக் கொண்டுவந்த செங் ஹீ முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். அறுநூறு வருடங்களுக்கு முன் எமது கரையில் யார் யார் வாழ்ந்தார்கள், யாரோடு யார் வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு இதனைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

இன்னொன்றையும் ஆசிரியை சொன்னார். 1911இல் அந்தக் கல் கண்டுபிடிக்கப்பட்டபோது, காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்ததாம். அதன்மேல் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்! அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் தெரியாமல் மிதித்தார்கள். நான் கண்ணாரப் பார்த்தும் தெரியாமல் நடந்தேன்.

நூதனசாலைக் கல்வி என்றால் என்ன?

அன்று எமது ஆசிரியை செய்ததைத் தொழிலாகச் செய்பவரே நூதனசாலைக் கல்வி அலுவலர். பொருளுக்கும் பார்ப்பவருக்கும் இடையில் இருக்கும் இரண்டு நிமிடத்தை இருபது நிமிடமாக மாற்றுவது அவருடைய வேலை.

நூதனசாலை என்பது அரிய பொருட்களைப் பூட்டிவைக்கும் இடம் என்ற எண்ணம் பழையது. சர்வதேச நூதனசாலைகள் பேரவை 2022இல் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்தில், சேகரித்தல், பாதுகாத்தல், ஆராய்தல் ஆகியவற்றோடு பொருளை விளக்குவதும் கற்பிப்பதும் நூதனசாலையின் கடமைகளாகச் சொல்லப்படுகின்றன. கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இவ்வேலையை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வருகைக்கு முன். பாடசாலை வருவதற்கு முன்பே ஆசிரியரோடு பேசி, எந்தத் தர மாணவர், எந்தப் பாடம், எந்த மொழி என்று அறிந்துகொள்வார். நூதனசாலையில் ஆயிரம் பொருட்கள் இருந்தாலும் அன்றைய நாளுக்கு ஐந்தை மட்டும் தெரிவுசெய்வார். எல்லாவற்றையும் பார்க்க வந்தவர் ஒன்றையும் பார்க்காமல் போவார் என்பதற்கு நானே உதாரணம்.

இரண்டாவது, வருகையின்போது. நல்ல கல்வி அலுவலர் உடனே விளக்கம் சொல்லமாட்டார். முதலில் பார்க்கச் சொல்வார். "என்ன தெரிகிறது? எது தேய்ந்திருக்கிறது? ஏன் தேய்ந்திருக்கும்?" என்று கேட்பார். மும்மொழிக் கல்லின் முன் என்றால் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மொழிப் பகுதியின் பொருளைக் கொடுத்து, "உங்கள் பகுதி யாருக்கு எழுதப்பட்ட கடிதம்?" என்று கேட்கலாம். பார்வையற்ற பிள்ளை தொட்டறிய ஒரு மாதிரி உருவும், சக்கர நாற்காலியில் வருபவர் வாசிக்கக்கூடிய உயரத்தில் விளக்கப் பலகையும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவரது பொறுப்பே.

மூன்றாவது, வருகைக்குப் பின். மாணவர் வகுப்பில் தொடர்ந்து செய்யக்கூடிய ஒரு பணியைக் கொடுத்தனுப்புவார். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய பொருளொன்றுக்கு நாற்பது சொற்களில் விளக்கப் பலகை எழுதுங்கள் என்பது அத்தகைய ஒரு பணி. எழுதிப் பாருங்கள், நாற்பது சொல் எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

நூலகத் தொகுப்பு என்றால் என்ன?

கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட அதே நாளில் அதன் நூலகமும் தொடங்கியது. 1870இல் உருவான அரசாங்கக் கீழைத்தேய நூலகம் அதற்குள் சேர்க்கப்பட்டது. ஆகவே பொருளும் நூலும் ஒரே வளவில் இருப்பது எமது நாட்டுக்குப் புதிதல்ல. 1885இல் வந்த கட்டளைச் சட்டத்தின்படி, நாட்டில் அச்சாகும் வெளியீடுகளின் பிரதி நூதனசாலை நூலகத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்றாயிற்று. அறிஞர் சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' வெளியானதும் அதே 1885இல்தான் என்பதை நான் வாசித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. நாட்டின் முதல் தமிழ் நாவல் வந்த வருடத்திலேயே, அச்சிட்டதைக் காப்பாற்ற வேண்டும் என்ற சட்டமும் வந்திருக்கிறது.

தொகுப்பு என்பது வாங்கி அடுக்கிய புத்தகங்கள் அல்ல. அதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் எதனைச் சேர்ப்பது, எதனைச் சேர்க்காமல் விடுவது என்ற கொள்கை வேண்டும். அடுத்து, உள்ளே வரும் ஒவ்வொன்றும் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் இலக்கம் பெறும். எப்போது வந்தது, யார் தந்தார், எந்த நிலையில் இருந்தது என்பன எழுதப்படும். அதன்பின் பகுப்பாக்கம். மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பே எமது பாடசாலை நூலகங்களிலும் பயன்படுகிறது. அதன்படி இஸ்லாம் 297, தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணைப் பார்த்து இனிச் சலிக்காதீர்கள். அது அப்புத்தகத்தின் முகவரி.

பட்டியல் எழுதுவது சோம்பலான வேலை என்று நினைப்பவர்களுக்கு இஸ்லாமிய நாகரிகப் பாடத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம் என்பவர் ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987 அளவில், தம் காலத்தில் அறியப்பட்ட அரபு நூல்களைப் பட்டியலிட்டு 'அல்-பிஹ்ரிஸ்த்' என்ற நூலை எழுதினார். அவர் குறிப்பிட்ட நூல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றுட் பல எழுதப்பட்டன என்பதே அந்தப் பட்டியலால்தான் எமக்குத் தெரிகிறது. நூல் அழிந்தபின்னும் அதன் பெயரைக் காத்தது ஒரு பட்டியல்.

மூத்தம்மாவின் வாப்பா எழுதிய கொப்பி

இத்தொழிலை நான் விரும்பியதற்குக் காரணம் கொழும்பில் பார்த்த கல் மட்டுமல்ல. எங்கள் வீட்டில் இல்லாமல் போன ஒரு கொப்பியும்தான்.

மூத்தம்மாவின் வாப்பா நெல் வியாபாரி. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் அரபுத்தமிழ் நன்றாக எழுதுவார். அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைச் சேர்த்து நம் முன்னோர் அதனை ஆக்கிக்கொண்டனர். மார்க்கத்தை மட்டுமல்ல, கணக்கையும் கடிதத்தையும்கூட அதில் எழுதினார்கள்.

1978 நவம்பரில் கிழக்கைச் சூறாவளி தாக்கியது. அப்போது மூத்தம்மா புதுமணப் பெண். காற்று ஓய்ந்த மறுநாள் தம் வாப்பா முற்றத்தில் விழுந்துகிடந்த தென்னையின் மேல் உட்கார்ந்து, நெல்லுக் கணக்குக் கொப்பியில் எதையோ எழுதினார் என்று மூத்தம்மா சொல்வார். "யார் யாருட வூடு விழுந்த, யாரு மௌத்தாகின எண்டு எழுதினார் மகள். எழுதி எழுதி அழுதார்."

அந்தக் கொப்பியை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன் வீட்டுக் கூரையை மாற்றும்போது, பரணில் இருந்த பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். உள்ளே கறையான் அரித்த கிதாபுகளும் கிழிந்த குர்ஆன் தாள்களும் இருந்தன. அவற்றைக் காலடியில் படவிடக் கூடாது என்று மரியாதையாகத் துணியில் கட்டிக் கடலில் விட்டுவிட்டார்கள். கொப்பியும் அரபு எழுத்தில் இருந்ததால் அதுவும் மார்க்கத் தாள் என்று எண்ணப்பட்டு அவற்றோடு போய்விட்டது. அரபுத்தமிழை வாசிக்கத் தெரிந்தவர் அன்று வீட்டில் யாரும் இல்லை.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. எல்லோரும் அதபோடுதான் நடந்தார்கள். மரியாதை செய்தோம், ஆனால் வாசிக்கவில்லை. எங்கள் தெருவில் அந்தச் சூறாவளியில் மௌத்தானவர்களின் பெயர்கள், அன்று கண்ணால் கண்ட ஒருவர் எழுதிய பெயர்கள், இப்போது கடலில்.

இங்கேதான் நூலகத் தொகுப்பும் நூதனசாலைக் கல்வியும் ஒரே தொழில் என்பது எனக்குப் புரிந்தது. காக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் பொருள் அழியும். விளங்கப்படுத்தத் தெரிந்தவர் இல்லாவிட்டால், காத்து வைத்தாலும் அது மதகு மூடிதான்.

பொறுப்பாளர் என்ன செய்வார்?

இவ்விரண்டு பகுதிகளுக்கும் தலைமை தாங்குபவர் தினமும் ஓலைச்சுவடியைத் தடவிக்கொண்டிருப்பதில்லை. அவரது நாளில் பெரும்பகுதி தீர்மானங்களில் கழியும். இருக்கும் பணத்தில் புதிய நூல் வாங்குவதா, ஒழுகும் கூரையைத் திருத்துவதா? ஒரு குடும்பம் நூறு புத்தகம் தருகிறது, அதில் எண்பது ஏற்கெனவே இருக்கிறது, மனம் நோகாமல் எப்படி மறுப்பது? மிகவும் நொய்ந்த சுவடியை மாணவருக்குக் காட்டுவதா, அதன் படத்தைக் காட்டுவதா? காப்பாளர் "தொடாதே" என்பார், கல்வி அலுவலர் "தொட்டால்தான் புரியும்" என்பார். இருவரும் சரிதான். இடையில் ஒரு வழியைக் கண்டுபிடிப்பதே பொறுப்பாளரின் வேலை.

ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்வதும் அவர் கடமை. எமது நாட்டில் இதனை யாரும் மறக்க முடியாது. 1981 மே 31 நள்ளிரவை அண்டி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் அது பாதுகாப்பாக இல்லை என்பதே அந்தத் தீ சொன்ன பாடம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அப்பாடத்தைச் செயலாக்கி வருகிறது. இலங்கைத் தமிழ்மொழி நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடி யாரும் வாசிக்க வைத்திருக்கிறார்கள். அதில் முஸ்லிம் ஆவணங்களுக்கும் இடமுண்டு. எமது பகுதியில் காத்தான்குடி பூர்வீக நூதனசாலை முஸ்லிம்களின் பழைய வாழ்க்கை முறையைக் காட்சிப்படுத்துகிறது. வேலை தொடங்கியிருக்கிறது. வேலை செய்ய ஆட்கள் வேண்டும்.

இத்துறைக்கு எப்படிப் போவது?

கலைப்பிரிவு மாணவியருக்கு வரலாறு, தமிழ், அரபு, இஸ்லாமிய நாகரிகம் ஆகிய பாடங்கள் நேரடியாக உதவும். களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் விஞ்ஞானத்தைப் பட்டப்படிப்பாகக் கற்கலாம். பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் தொல்லியல் உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடுவதில்லை. 1960இல் தொடங்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கம் நூலகவியல் டிப்ளோமா பாடநெறிகளை நடத்துகிறது. விஞ்ஞானப் பிரிவுத் தோழியருக்கும் இடமுண்டு. கடதாசி ஏன் மஞ்சளாகிறது, பூஞ்சணம் எந்த ஈரப்பதனில் வளர்கிறது என்று ஆராயும் பேணற் பணிக்கு இரசாயனமும் உயிரியலும் வேண்டும்.

சிங்களம் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். மும்மொழிக் கல்லைப் பற்றி மூன்று மொழிப் பிள்ளைகளோடு பேச முடியாதவர் அந்தக் கல்லுக்கு முன் எப்படி நிற்பது? முடிந்தால் அரபுத்தமிழையும் கற்க வேண்டும். வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

உண்மையையும் சொல்ல வேண்டும். இத்துறையில் வெற்றிடங்கள் குறைவு. வைத்தியருக்குக் கிடைக்கும் சம்பளம் கிடைக்காது. தொடங்கும்போது பாடசாலை நூலகத்திலோ பிரதேச சபை நூலகத்திலோதான் தொடங்க வேண்டியிருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. சிறிய நூலகத்தில்தான் ஒருவரே எல்லா வேலையையும் கற்றுக்கொள்ளலாம்.

நாங்கள் தொடங்கிய சிறு வேலை

நீங்கள் இப்போது வாசிக்கும் இச்சஞ்சிகையின் பழைய இதழ்களைத் தேடி எமது நூலகத்துக்குப் போனேன். நான்கு மட்டுமே இருந்தன. முதலாவது இதழே இல்லை. நானும் இரு தோழியரும் பழைய மாணவியர் ஒன்றுகூடலன்று வாசலில் நின்று, வந்தவர்களிடம் எல்லாம் கேட்டோம். அலுமாரிக்குள் இருந்தும் தையல் பெட்டிக்குள் இருந்தும் இதுவரை மேலும் ஒன்பது இதழ்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, தந்தவரின் பெயரையும் எழுதி ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். இலக்கத்தைப் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்றும், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் காலப்போக்கில் அது கடதாசியையே கெடுத்துவிடும் என்றும் நூலக ஆசிரியை சொல்லித் தந்தார். ஓர் இதழில் என் உம்மா பத்தாம் ஆண்டில் எழுதிய சிறு கவிதை இருந்தது. உம்மாவே அதனை மறந்திருந்தார். முதலாவது இதழ் இன்னும் கிடைக்கவில்லை. வாசிப்பவர்களில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தாருங்கள். தர விருப்பமில்லையென்றால் படமெடுக்கவாவது அனுமதி தாருங்கள்.

கடந்த மாதம் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர் தந்தபின் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு கூப்பன் புத்தகம், நிறம் மங்கிய கலியாணக் கடிதம் ஒன்று, மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த இரண்டு தாள்கள். தாள்களில் அரபு எழுத்து.

"இதையும் கடல்ல விட வேணுமெண்டுதான் வச்சிருந்தன். நீ சொன்ன பிறகு யோசனையாப் போச்சு. இதுல என்ன எழுதியிருக்கெண்டு பாரு மகள்."

எனக்கு இன்னும் அரபுத்தமிழ் சரளமாக வராது. எழுத்துக்கூட்டி ஒரு வரியைப் படித்தேன். அது துஆ அல்ல. கடனாகக் கொடுத்த இரண்டு மூடை நெல்லின் கணக்கு. மாமி இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் அமர்ந்தார். அடுத்த வரியையும் படிக்கத் தொடங்கினேன்.